கட்டை விரல் வேண்டாம் என்ற ஜோடி

அன்றைக்கு ராவுத்தர் பட்டறை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பட்டறைக்காரர் இபுராகிம் ராவுத்தர். என் வண்டியின் டிரைவர் மாயாண்டி. வண்டியின் பின்னால் சோடாப் பெட்டிகளோடு உட்கார்ந்து வருகிற அருளப்பன். அவன் மனைவி சவேரியம்மாள். ஐந்தாவது நான்.

வேறு யாரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பின்னாட்களில் அந்தச் சம்பவத்தைப் பேசும்போது தானும் கூட நின்றதாகச் சொன்னவர்கள் திண்டுக்கல்லில் இருபது பேராவது இருப்பார்கள். நான் எண்ணிப் பார்த்தவன். ஐந்து பேர்தான்.

வண்டி நடுவில் நின்றது. அதன் பின்சக்கரங்களுக்கு உள்பக்கம் புதிதாக மாட்டிய இரண்டு ஷாக் அப்சர்பர்கள் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தன. தோல் பதனிடுகிற ஷாப்புப் பக்கமிருந்து நாற்றக் காற்று அடித்தது.

சவேரியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பலகையில் கால் வைத்து ஏறி, சோடாப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். கையில் ஒரு சுளகு. வீட்டில் அரிசி புடைக்கிற சுளகுதான். அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் உக்காந்து வாரேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா, நாளைக்கு இவரு வருவாரு. வண்டியை எடுக்கச் சொல்லுங்க மொதலாளி."

நான் ராவுத்தரைப் பார்த்தேன். ராவுத்தர் மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி வானத்தைப் பார்த்தான்.

பின்னால் உட்காரும் வேலை

போன வாரம் அந்த வண்டியை வாங்கிய கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: அது பட்டாளத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்து, மூன்று கை மாறி என்னிடம் வந்த பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், நெருக்கினால் மூன்று பேர். பின்னால் திறந்த தொட்டி. நயா பைசா வந்த பிறகும் ஊரில் எல்லோரும் அணாவிலேயே விலை கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுப் பாட்டில் கழுவப் போனவன் நான். கழுவிக் கழுவி, கடைசியில் அதே சோடாக் கம்பெனியை எடுத்து நடத்துகிறவன் ஆனேன். வண்டி வந்ததும் சுற்று வட்டாரத் திருவிழாக்களுக்கெல்லாம் சோடா அனுப்ப ஆரம்பித்தேன்.

கோலி சோடாவுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெயில். மற்றது குலுக்கல். இரண்டும் சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும். அதனால் பெட்டிகளின் மேல் நனைத்த சாக்கைப் போர்த்துவோம். வழியில் சாக்கு காயும். காயக் காய ஒருவர் தகர டின்னிலிருந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். பெட்டி நகர்ந்தால் காலை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். அருளப்பனுடைய வேலை அது.

அவனை முன்னால் உட்கார வைத்திருக்கலாமே என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். வைத்தும் பார்த்தோம். நத்தம் ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் சாக்கு அப்பளம் மாதிரிக் காய்ந்து, ஒன்பது பாட்டில் போனது. அதற்குப் பிறகு அவனேதான் பின்னால் ஏறிக்கொண்டான். நான் ஏறச் சொன்னேனா, அவனாக ஏறினானா என்பது இன்றுவரை எனக்குள் தீராத வழக்கு.

நல்ல கண்

அருளப்பனுக்கு இடது கண்ணில் சின்ன வயதிலேயே பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு, இரண்டு மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் வலது கண்.

சாணார்பட்டி தாண்டி ஒரு ஓடைப் பாலம். பாலம் என்றால் மூன்று குழாயைப் போட்டு மண்ணைக் கொட்டியது. மாயாண்டி வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினான். வண்டி ஒரு தடவை தூக்கிப் போட்டது. போட்டதோடு நிற்காமல் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டே போனது. பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. மாயாண்டி டயர் என்று நினைத்தான்.

நான் இறங்கி ஓடிப் பார்த்தபோது அருளப்பன் பெட்டி மேல் கவிழ்ந்து கிடந்தான். வலது புருவத்துக்கு மேலே கண்ணாடிச் சில் கிழித்திருந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் தெரியல மொதலாளி," என்றான். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். "ஒண்ணுமே தெரியல."

டின்னில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. நான் ஒரு சோடாவை உடைத்து அவன் முகத்தைக் கழுவினேன். இன்னொன்றை உடைத்தேன். பாதி அவன் சட்டையில் போனது. நான்காவது பாட்டிலில்தான் இமையைத் திறந்து, "தெரியுது," என்றான்.

புருவத்தில் மூன்று தையல். ஒரு விரல் கீழே பட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்று சாயந்தரம் சவேரியம்மாள் கம்பெனிக்கு வந்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் தேவலை. வண்டி தூக்கிப் போடாது என்று தனக்குத் தெரிகிற வரைக்கும் தன் புருஷன் அதில் ஏற மாட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கோ குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு நாற்பது பெட்டி ஏற்றிப் போக வேண்டும். முன்பணம் வாங்கிச் சர்க்கரையும் எசன்சும் வாங்கியாகிவிட்டது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பாரம் தாங்காத பொருள்

ராவுத்தர் வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு விலகி நின்றார். வண்டி நான்கு தடவை தலையாட்டியது. பூம்பூம் மாடு மாதிரி.

ஷாக்கு செத்துப்போச்சு என்றார். எண்ணெய் ஒழுகியிருந்த பழைய ஜோடியை விரலால் தொட்டு முகர்ந்து காட்டினார். வேறு ஜோடி போட வேண்டும். இந்த வண்டிக் கம்பெனிச் சாமான் இப்போது வருவதில்லை, வெளிச் சாமான்தான் கிடைக்கும், மதுரைக்குப் போய்ப் பார்த்து எடுத்து வாரும் என்றார்.

நாற்பது பெட்டிப் பாரத்தையும் அந்தக் குழாய் இரண்டும் தாங்குமா என்று கேட்டேன்.

"அது எங்க தாங்குது? பாரத்தைத் தாங்குறது அடுக்கு அடுக்கா இருக்கே, அந்த இரும்புப் பட்டைங்க. பட்டை குதிக்கும். குதிக்கிறதை ஷாக்கு அமத்தும். அம்புட்டுத்தான்."

தாங்காத பொருளுக்கு எதற்கு அத்தனை ரூபாய் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

"ஒம்ம வீட்டுலயும் பாரம் சுமக்கிறது நீருதான். ஒம்மை அமத்துறதுக்கு ஒரு ஆளு இல்லையா? அந்தம்மா இல்லைன்னா நீரு இந்நேரம் எங்க குதிச்சிருப்பீரோ."

மாயாண்டி சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கிறது.

திருவிழாச் சமயமாதலால் பட்டறையில் வேலை குவிந்திருந்தது, அவர் என்னோடு வர முடியவில்லை. சிகரெட்டு அட்டை ஒன்றில் நீளத்தையும் போல்ட்டு அளவையும் எழுதிக் கொடுத்தார். கையில் அமுக்கிப் பார்த்து எடும், ரொம்ப லேசும் வேண்டாம், ரொம்ப வெறைப்பும் வேண்டாம் என்றார். ரயிலில் போகும்போது இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கொடைரோடு தாண்டும்போது முன்பாதிதான் ஞாபகத்தில் நின்றது.

மூன்று ஜோடி

மதுரைக் கடைக்காரர் வயதில் என்னைவிடச் சின்னவர். வண்டி உயரம் என்ன என்று கேட்டார். எனக்கு நெஞ்சு வரைக்கும் வரும் என்றேன்.

"ஒங்க நெஞ்சை வச்சு நான் என்னண்ணே பண்ண? கம்பெனி விட்ட உயரமா, கூடப் பட்டை வச்சு ஏத்துன உயரமா?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கூடுதல் பாரம் அடிப்பதற்காகச் சிலர் பட்டையைக் கூட்டி வண்டியை உயர்த்திவிடுவார்களாம். அதற்கு ஷாக் நீளமாக இருக்க வேண்டுமாம். நீளத்தைக் குட்டையான வண்டிக்குப் போட்டால் அடியில் முட்டுமாம், குட்டையை உயரமான வண்டிக்குப் போட்டால் இழுத்துப் பிய்யுமாம். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த மூன்று பேரும் ஒவ்வொருவராக மனதில் வந்து நின்றார்கள். யார் எதைச் செய்து வைத்தார்களோ. நல்லவேளை, சிகரெட்டு அட்டையைப் பார்த்துவிட்டு, கம்பெனி உயரம்தான், யாரும் கை வைக்கவில்லை என்று கடைக்காரரே முடிவு செய்தார்.

அடுத்து, போகும்போது லோடு, வரும்போது காலியா என்றார். வரும்போது காலிப் பாட்டில் என்றேன். அது காலியா லோடா என்றார். காலிப் பாட்டிலுக்கும் கனம் உண்டே என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

செய்தித்தாளை விரித்து மூன்று ஜோடி எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே நீளம். ஒவ்வொன்றாகத் தரையில் நிறுத்தி அமுக்கிப் பார்த்தேன்.

முதலாவது அமுக்கின உடனே போய்விட்டது. இரண்டாவது யோசித்து யோசித்து இறங்கியது. இழுத்தால் அதே மாதிரி யோசித்து யோசித்து வந்தது. மூன்றாவது தடியானது. இரண்டு கையையும் வைத்து என் உடம்பையே அதன் மேல் ஏற்றினேன். அசையவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோடா அடித்து எடுத்ததும் பாட்டில் வாயில் அடைத்திருக்கும் கோலியைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்போம். விரலுக்கு இளகிக் கொடுத்தால் கேஸ் போதாது. அதைத் தள்ளி வைத்துவிடுவோம். கல் மாதிரி நின்றால் நல்ல சரக்கு. பதினொரு வயதிலிருந்து நாளைக்கு நூற்றுக்கணக்கில் அப்படி அமுக்கின விரல் இது. எதை அமுக்கினாலும் இந்த விரலுக்கு ஒரே நியாயம்தான். இளகினால் கழிவு, இளகாவிட்டால் சரக்கு.

மூன்றாவது ஜோடியைக் கொடுங்கள் என்றேன்.

அது எப்போதும் முழு லோடு அடிக்கிற லாரிக்கு உள்ளது, உங்கள் வண்டிக்கு வெறைப்பாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். மற்றவற்றைவிட அதற்கு ஆறு ரூபாய் விலை கூட. விலை கூடின சாமானை ஒரு கடைக்காரர் வேண்டாம் என்கிறார் என்றால் நல்லதை வேறு யாருக்கோ ஒதுக்கி வைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எண்பத்து நான்கு ரூபாயை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். ராவுத்தர் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். மாட்டித்தான் பார்ப்போமே என்றார்.

சுளகில் விழுந்த ஓட்டை

இப்போது பட்டறை வாசலுக்கு வருகிறேன்.

நான்கு பெட்டி ஏற்றியிருந்தோம். நானும் மாயாண்டியும் முன்னால். சவேரியம்மாள் பின்னால். அருளப்பனை அவள் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவன் ராவுத்தரோடு வாசலில் நின்றான். ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்புவதாகப் பேச்சு.

கிளம்பினதுமே எனக்குச் சந்தோஷம். வண்டி ஆடவில்லை. ஆனால் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்பில் ஏறி மண்டைக்கு வந்தது. இப்படித்தான் இருக்குமோ, புதுச் செருப்பு கடிக்கிற மாதிரியோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாயாண்டி மட்டும், "என்ன மொதலாளி, மரக்கட்டையில உக்காந்த மாதிரி இருக்கு," என்றான்.

தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஏறியது. ஒரு வெடி. இறங்கியது. இன்னொரு வெடி.

மாயாண்டி நிறுத்திவிட்டான். பின்னாலிருந்து சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை என்பதுதான் நிஜம். தண்டவாளத்தின் மேல் பாதி வண்டி நிற்கிறது, கேட்கீப்பர் எதையோ சொல்லிக் கையை ஆட்டுகிறார், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

பிறகு அவள் குரல் கேட்டது. "சுளகு போச்சு."

இறங்கிப் போனேன். சுளகைத் தாழ்த்தியிருந்தாள். சேலையெல்லாம் சோடா. சுளகின் நடுவில், அவள் முகம் இருந்த இடத்துக்கு நேராக, கண்ணாடிச் சில் ஒன்று பாதி நுழைந்து நின்றது.

வெடிச் சத்தம் கேட்டு அருளப்பன் அங்கிருந்து ஓடி வந்துவிட்டான். சுளகை வாங்கி, சில்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையைத் தன் நல்ல கண்ணுக்கு நேரே வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

பட்டறைக்குத் திரும்பி வந்த பிறகு சவேரியம்மாள் வண்டியின் பின்பக்கத்தை ராவுத்தர் மாதிரியே அமுக்கிப் பார்த்தாள். வண்டி இம்மியும் அசையவில்லை.

"ஏன் மொதலாளி, இடுப்புல தண்ணிக் குடத்தை வச்சிக்கிட்டு வெறைச்சு நடந்தா தண்ணி சிந்தாதா? செத்த இடுப்பை விட்டுக் கொடுத்துல்ல நடக்கணும்."

ராவுத்தர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இதைத்தான் ஒரு வாரமாக நான் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. ஆனால் அதைப் பேசுகிற நேரமா அது?

விரலுக்கு எதிராக

மாட்டி ஓட்டின சாமானைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். போல்ட்டுத் தடம் பட்டுவிட்டது. மறுபடி மதுரைக்குப் போகிற ரயில் காசு போக என் கையில் இருந்தது பதினெட்டு ரூபாய். திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் காலையில் சவேரியம்மாள் வந்து அறுபது ரூபாயை மேசையில் வைத்தாள். இரண்டு ஆட்டை விற்று, கூரைக்கு ஓடு போடுவதற்காக வைத்திருந்த பணம். எனக்குத் தொடவே பயமாக இருந்தது. தப்பான ஜோடியை மறுபடியும் வாங்கி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நான் என்னதான் சொன்னாலும் திருவிழா அன்னைக்கு இவரு ஏறாம இருக்க மாட்டாரு. ஒங்க மொகத்தைப் பாத்தா ஏறிருவாரு. எனக்குத் தெரியும். போயி ஒழுங்கா வாங்கிட்டு வாங்க," என்றாள்.

மறுபடி மதுரை. அதே செய்தித்தாள், அதே மூன்று ஜோடி. கடைக்காரர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் ஏதாவது சொல்ல மாட்டாரா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. சொல்லவில்லை.

முதலாவதை அமுக்கினேன். லேசு. நடு ஜோடியை அமுக்கினேன். மெல்ல இறங்கியது. என் விரல் உடனே, இது கேஸ் இறங்கின சரக்கு, தள்ளி வை என்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதையே சொன்னது. அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். வேறு எந்த அளவுகோலும் என்னிடம் இல்லை. நாற்பது பெட்டியும் ஒரு மனிதனின் ஒற்றைக் கண்ணும் இந்த விரலை நம்பி இருக்கின்றன. விரலோ ஒரு தடவை தோற்றுவிட்டது. தோற்ற விரல் எதை வேண்டாம் என்கிறதோ அதை எடுப்பது என்று கடைசியில் முடிவு செய்தேன். அது புத்தியா, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு குதித்ததா, எனக்குத் தெரியாது.

நடு ஜோடி எழுபத்தெட்டு ரூபாய். கொடுத்த பிறகு திரும்பி வர ரயில் காசைக் கடைக்காரரிடம்தான் கடனாக வாங்கினேன். அதை மட்டும் அடுத்த வாரமே மணியார்டரில் அனுப்பிவிட்டேன்.

ராவுத்தர் மாட்டிவிட்டு அமுக்கினார். வண்டி இறங்கியது, எழுந்தது, நின்றது. ஒரே தடவை.

நாற்பது பெட்டி

திருவிழா அன்றைக்குக் காலையில் சவேரியம்மாள் கிளம்பி வந்து நின்றாள். ஓட்டையைத் தைத்த சுளகையும் கொண்டு வந்திருந்தாள். முன்னால் மாயாண்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க பின்னால உக்காருங்க மொதலாளி."

உட்கார்ந்தேன். அருளப்பன் எதிரில். நடுவில் ஈரச் சாக்கு. வழியெல்லாம் மானாவாரிக் காடு, மேடும் பள்ளமுமாக ரோடு. சுளகை எனக்காகத்தான் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். ஒரு கல் தூரம் போவதற்குள் அதை அருளப்பன் முகத்துக்கு முன்னால் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். அவன் சுளகை விலக்கி விலக்கித் தண்ணீர் தெளித்தான். "கை வலிக்கும் மொதலாளி, இறக்குங்க," என்று இரண்டு தடவை சொன்னான். நான் இறக்கவில்லை.

நாற்பது பெட்டியில் ஒரே ஒரு பாட்டில் வெடித்தது. அதுவும் ஊர் போய் இறக்கி வைத்த பிறகு, வெயிலில்.

அது புது ஷாக்கினாலா? முன்னால் சவேரியம்மாள் உட்கார்ந்து ரோட்டையே முறைத்துக்கொண்டு வந்ததால் மாயாண்டி மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினானே, அதனாலா? வேண்டாம் என்று என் விரல் சொன்ன ஜோடி நல்ல ஜோடிதானா, அல்லது மூன்றுமே ஒன்றுதானா? ராவுத்தரிடம் கேட்டேன், சிரித்தார். மாயாண்டியிடம் கேட்டேன், தன் ஓட்டம்தான் காரணம் என்றான். எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

அறுபது ரூபாயைத் தவணையில் திருப்பினேன். பத்து, மறுபடி பத்து, தீபாவளிக்குப் பதினைந்து, பொங்கலுக்கு எட்டு. ஐந்தாவது தவணையோடு மொத்தத்தையும் தீர்த்துவிடலாம் என்று போனபோது அவள் கையை நீட்டவில்லை.

"அது இருக்கட்டும். கடனாளியா இருந்தாத்தான் நீங்க பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவீக."

வருஷா வருஷம் கொண்டு போனேன். வருஷா வருஷம் அதே பதில். அருளப்பன் இன்னும் எட்டு வருஷம் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான். வலது கண்ணில் ஒரு தூசு விழவில்லை. கடைசியில் வண்டியை உடைக்கக் கொடுத்த அன்று, இனிமேல் அவள் சாக்குச் சொல்ல முடியாது என்று பணத்தை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். ஓடு போட்ட வீடு. வாசலில் தைத்த சுளகில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"வண்டிதான போச்சு," என்றாள். "நீங்க இருக்கீகள்ல."

பாக்கி பதினேழு ரூபாய்.